காய்கிற நேரத்தை முதலில் எழுதுங்கள்: ஓவியத்துக்கும் பருவகாலக் கைவினைக்கும் ஒரு வாரத் திட்டம்

படம் வரையவும் கைவினை செய்யவும் அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஏழு கட்டம் போட்டு, திங்கள் பென்சில், செவ்வாய் வண்ணம், புதன் களிமண் என்று நிரப்பிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் புதன்கிழமை செய்த களிமண் கிண்ணம் வியாழக்கிழமை வண்ணம் பூசத் தயாராக இருக்காது. அட்டவணை அங்கேயே நொண்ட ஆரம்பிக்கும். நம் கைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்குப் போடுகிறோமே தவிர, பசைக்கும் களிமண்ணுக்கும் வண்ணத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பதில்லை. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் மீதி வேலை எளிது.

படி 1: போன வாரத்தைப் பாருங்கள்

வரும் வாரத்தில் எப்போது நேரம் கிடைக்கும் என்று யோசித்தால், ஆசைதான் பதில் சொல்லும். போன வாரம் உண்மையிலேயே எப்போது சும்மா இருந்தீர்கள் என்று பாருங்கள். ஆரம்பத்தில் மூன்று பொழுது போதும்: அரை மணி நேரப் பொழுது இரண்டு, இரண்டு மணி நேரப் பொழுது ஒன்று. பொருட்களை எடுத்து வைக்கவும் கழுவி அடுக்கவும் ஆகும் நேரமும் இதற்குள்தான் வர வேண்டும். அரை மணியில் கை வேலைக்குக் கிடைப்பது இருபது நிமிடம்தான்.

படி 2: எது எவ்வளவு நேரத்தில் காயும்?

கீழே உள்ளவை தோராயமான அளவுகள். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் எல்லாமே நீளும்.

- நீர்வண்ணம்: மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் காயும்.
- அக்ரிலிக் வண்ணம்: மெல்லிய பூச்சு அரை மணிக்குள் தொடும் பதத்துக்கு வரும். தடிமனாகப் பூசினால் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.
- வெள்ளைப் பசை: ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். முழு வலு பெற ஒரு நாள்.
- பேப்பர் மாஷே (பசையில் நனைத்த காகிதத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது): ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய ஒரு நாள்.
- காற்றில் உலரும் களிமண்: தடிமனைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நாள்.
- எண்ணெய் வண்ணம்: தொடுவதற்கே பல நாள். வழக்கமான வார்னிஷ் பூச ஆறு மாதமாவது காத்திருக்கச் சொல்வார்கள்.
- புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த இலை, பூ: இரண்டு முதல் நான்கு வாரம்.

களிமண்ணைச் சீக்கிரம் காய வைக்க வெயிலில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைக்காதீர்கள். வெயில் படும் பக்கம் முன்னால் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது, நடுவில் விரிசல் விழும். நிழலில் வைத்து அவ்வப்போது திருப்பிப் போடுவதுதான் வழி.

எண்ணெய் வண்ணத்தில் இறங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பற்றவும் கூடும். விரித்துப் போட்டு முழுக்கக் காயவிடுங்கள்.

படி 3: பொழுதையும் காயும் நேரத்தையும் கோத்துவிடுங்கள்

உதாரணத்துக்கு, பலூன் மீது காகிதம் ஒட்டிச் செய்யும் ஒரு கிண்ணம். உங்கள் பொழுதுகள் ஞாயிறு நீளமாகவும் செவ்வாய், வியாழன் குட்டையாகவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு: பலூனை ஊதி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். இரண்டு பங்கு வெள்ளைப் பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, செய்தித்தாள் துண்டுகளை நனைத்துப் பாதி பலூன் வரை ஒட்டுங்கள். துண்டுகளைக் கத்தரிக்காமல் கையால் கிழிப்பது நல்லது. கிழித்த ஓரம் மெலிந்து நார் நாராக இருப்பதால் அடுத்த துண்டோடு படிந்துவிடும். கத்தரித்த ஓரம் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதற்கு ஒரு மணி நேரம் போனால், மீதி ஒரு மணி நேரம் படம் வரைய உங்களுக்கே.

செவ்வாய்: இரண்டாவது அடுக்கு. வியாழன்: மூன்றாவது. அடுத்த ஞாயிறு பலூனை உடைத்து, விளிம்பை வெட்டிச் சீராக்கி வண்ணம் பூசுங்கள்.

திங்கள், புதன், வெள்ளி, சனி நான்கு நாளும் நீங்கள் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இப்படிப் போட்ட திட்டத்தில் ‘இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லையே’ என்ற உறுத்தல் வருவதில்லை. என்னைக் கேட்டால், தினமும் செய்தே தீர வேண்டும் என்ற அறிவுரையைவிட இது ஆரம்பநிலைக்காரர்களுக்குப் பொருந்தும்.

படி 4: பருவத்துக்குப் பின்னோக்கி எண்ணுங்கள்

பருவகாலக் கைவினையில் தேதி முன்கூட்டியே தெரியும். காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னால் வாருங்கள். அழுத்திய இலைகளை ஒட்டி வாழ்த்து அட்டை செய்வதென்றால்: இலை காய நான்கு வாரம், ஒட்டி எழுத ஒரு வாரம், எதிர்பாராத தடங்கலுக்கு ஒரு வாரம். ஆக, ஆறு வாரம் முன்னால் இலை பறிக்க வேண்டும். பனியோ மழைநீரோ காய்ந்த பிறகு பறியுங்கள். மெல்லிய, தட்டையான இலைகளும் பூக்களும் நன்றாக வரும். தடித்த பூக்கள் பழுப்பேறும், பூஞ்சையும் பிடிக்கும். முதல் வாரத்தில் இலைக்கு மேலும் கீழும் வைத்த உறிஞ்சுதாளை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வானிலையும் பருவம்தானே. மழைக்காலத்தில் களிமண்ணோடும் பேப்பர் மாஷேயோடும் மல்லுக்கட்டாமல் பென்சில், காகித மடிப்பு, எம்பிராய்டரி என்று உலர் வேலைகளுக்கு மாறிவிடலாம். நல்ல வெயில் காலம் வந்தால் சயனோடைப், அதாவது வெயிலால் தாளில் நீலப் படம் எடுப்பது, செய்து பாருங்கள். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. ரசாயனம் பூசிய தாள்கள் தயாராகவே கிடைக்கின்றன. தாளின் மேல் இலையை வைத்துச் சில நிமிடம் வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் நீலப் பின்னணியில் வெள்ளை உருவம் தெரியும். காயக் காய நீலம் அடர்ந்துவரும். அரை மணிப் பொழுதுக்கு இதைவிடப் பொருத்தமான கைவினை எனக்குத் தெரியவில்லை, அந்தப் பொழுது பகலில் இருந்தால்.

படி 5: ஒரு வேலைக்கு ஒரு தட்டு

நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தட்டோ அட்டைப்பெட்டியோ வைத்துக்கொள்ளுங்கள். எழுந்துபோகும் முன் ‘அடுத்து: உள்பக்கம் வெள்ளை பூச வேண்டும்’ என்று ஒரு சீட்டு எழுதி அதில் போடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று தட்டுக்கு மேல் வேண்டாம்.

படி 6: பொழுது தவறினால்

தவறியதை மறுநாளில் திணிக்காதீர்கள். அடுத்த பொழுதில் சீட்டில் உள்ளதிலிருந்து தொடருங்கள். அடிக்கடி பாதியில் எழுந்து போக நேர்கிறவர்களுக்கு அக்ரிலிக்கைவிட நீர்வண்ணமே தோது. வண்ணம் கலக்கும் தட்டில் காய்ந்த நீர்வண்ணம் ஈரப் பிரஷ் பட்டதும் மறுபடி கரையும். அக்ரிலிக் காய்ந்தால் கரையாது, கழுவாமல் விட்ட பிரஷையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

நான்கு வாரம் ஓட்டிய பிறகு அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பொழுது இரண்டு முறைக்கு மேல் தவறியிருந்தால் அதை அடித்துவிட்டு வேறு நாளுக்கு மாற்றுங்கள். வேறு நாள் அகப்படாவிட்டால் வாரத்துக்கு இரண்டே பொழுதாக வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் முடிய இன்னும் சில நாள் கூடும், அவ்வளவுதான்.