876 அடி உயரப் பாலத்தில் ஒரு நாள்: பிரிட்ஜ் டேக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஃபேயட்வில் என்ற சிற்றூரை ஒட்டிய நெடுஞ்சாலைப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு மனிதர்களை நடக்க விடுகிறார்கள். காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை. அந்த ஆறு மணி நேரமும் பாலத்தின் நடுவிலிருந்து ஆட்கள் பாராசூட்டோடு ஆற்றை நோக்கிக் குதித்துக்கொண்டே இருப்பார்கள். இதுதான் பிரிட்ஜ் டே.

குடும்பத்தோடு 2022, 2023, 2024 என்று மூன்று முறை போய்விட்டேன். முதல் முறை நாங்கள் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இது பார்வையாளர்களுக்கான குறிப்பு. குதிக்க விரும்புகிறவர்கள் வானிலிருந்து பாராசூட்டில் பலமுறை குதித்த பயிற்சியைக் காட்டி முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அது தனிக் கதை.

முதலில் பாலத்தைப் பற்றிக் கொஞ்சம். நியூ ரிவர் கார்ஜ் பாலம் 1977 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆற்றிலிருந்து 876 அடி உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் 216 அடி. அப்படி நான்கு விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பாலத்தின் தளத்தைத் தொடாது. பாலத்தைத் தாங்கும் எஃகு வளைவு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தாண்டும் நீளம் மட்டும் 1,700 அடி. 2003இல் ஷாங்காயின் லூபூ பாலம் வரும்வரை உலகிலேயே நீளமான எஃகு வளைவு இதுதான். துருவையே காப்பாகப் போர்த்திக்கொள்ளும் கார்ட்டென் எஃகில் கட்டியிருப்பதால் வண்ணம் பூசும் வேலையே இல்லை. பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிக் கடக்க முன்பு 40 நிமிடம் ஆனது. பாலம் வந்தபின் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இந்த 40 நிமிடம், ஒரு நிமிடம் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சிக்கல் வந்ததே இதில்தான்.

படி 1: எந்தக் கரை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அறை, டிக்கெட், உடை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. பாலத்தின் தெற்கில் ஃபேயட்வில், ஓக் ஹில், பெக்லி. வடக்கில் லான்சிங், அதைத் தாண்டி சம்மர்ஸ்வில். சாதாரண நாளில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வித்தியாசமே தெரியாது. பிரிட்ஜ் டே அன்று யு.எஸ். 19 சாலை பாலத்தில் மூடப்பட்டுவிடும். வண்டியில் மறுகரைக்குப் போக வேண்டுமானால் மலைகளைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும்.

2022இல் நாங்கள் சார்லட்டிலிருந்து கிளம்பினோம். அதாவது தெற்கிலிருந்து வருகிறோம். பெக்லியில் அறைகள் தீர்ந்துவிட்டிருந்தன. சம்மர்ஸ்வில்லில் கிடைத்தது. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான், எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு இருட்டில் பாலத்தைக் கடந்தோம். தளத்தில் போகும்போது கீழே இருக்கும் வளைவு கண்ணில் படாது. அதனால் இதுதான் அந்தப் பாலம் என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. பின் இருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வண்டியை வடக்குக் கரையில் நிறுத்தினோம். எங்களோடு சேர வேண்டிய நண்பர் குடும்பம் தெற்குக் கரையில். பாலத்தின் நடுவில் சந்தித்துக்கொண்டோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. மதியம் பசி வந்தது. கட்டிக்கொண்டு வந்த புளியோதரை வடக்குக் கரையில் வண்டியில் இருந்தது (ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்). நண்பர் அழைக்க, தெற்குப் பக்கம் நடந்துபோய்ச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து பாலத்தின் முனையில் நின்றபோது மணி மூன்றைத் தொட்டிருந்தது. மஞ்சள் சட்டை அணிந்த ஒரு பெண்மணி கையை உயர்த்தி நிறுத்தினார். பாலத்தில் இருப்பவர்களை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், இனி யாரையும் ஏற்ற முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அவர் கடமையைச் செய்தார். எங்கள் வண்டியோ 3,030 அடிக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். "அப்பா, அதோ அங்கேதானே நம்ம கார்?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சாலை மீண்டும் வண்டிகளுக்குத் திறக்கும்வரை காத்திருந்து, நண்பரின் காரில் மறுகரைக்கு வந்து சேர்ந்தோம். அக்டோபர் மாலையின் குளிர் அங்கே சட்டென்று இறங்கும். மகளின் தடித்த மேலுடையும் வண்டியில்தான் இருந்தது.

ஆகவே தெற்கிலிருந்து வருகிறவர்கள் தெற்கிலேயே தங்குங்கள், வடக்கிலிருந்து வருகிறவர்கள் வடக்கிலேயே தங்குங்கள். மறுகரைக்கு நடந்து போகலாம், போகத்தான் வேண்டும், அந்த நடை அவ்வளவு அருமை. ஆனால் இரண்டு மணிக்கெல்லாம் உங்கள் கரையை நோக்கித் திரும்பிவிடுங்கள். கைப்பேசியில் ஒன்றே முக்கால் மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நான் அப்படித்தான் செய்கிறேன்.

படி 2: பையை விட்டுவிடுங்கள்

முதுகுப் பை, பெரிய பை, குளிர்பெட்டி எதையும் பாலத்தில் அனுமதிப்பதில்லை. வளர்ப்புப் பிராணிகளும் கூடாது. கைக்குழந்தைக்கான பை, சிறிய கைப்பை, கேமரா பை ஆகியவற்றைச் சோதித்துவிட்டு விடுகிறார்கள். இந்த விதி தெரியாமல்தான் சாப்பாட்டுப் பையோடு போய், திரும்ப வண்டியில் வைத்துவிட்டு வந்தோம். இப்போதெல்லாம் ஆழமான பைகள் உள்ள மேலுடை ஒன்றை ஆளுக்கொன்றாக அணிந்துகொள்கிறோம். தண்ணீர் பாட்டில், முறுக்கு, மகளின் தொப்பி, கையுறை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். போகும் வழியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், ஆனால் வரிசை நீளம்.

வண்டி நிறுத்துமிடம், ஷட்டில் பஸ் இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படியுங்கள்.

படி 3: எங்கே நிற்பது

பாலத்தின் நடுவில் குதிக்கும் மேடை இருக்கிறது. எல்லோரும் அதை ஒட்டி நிற்கத்தான் முண்டியடிப்பார்கள். வேண்டாம். மேடைக்குப் பக்கத்தில் நின்றால் குதிக்கிறவரின் முதுகுதான் தெரியும், பிறகு ஆள் மறைந்துவிடுவார். நூறு, நூற்றைம்பது அடி தள்ளி நில்லுங்கள். மேடையிலிருந்து ஆறுவரை முழு விழுகையும் பக்கவாட்டில் தெரியும். காலை ஒன்பது முதல் பதினொன்றுவரை நெரிசல் அதிகம். மதியத்துக்குப் பிறகு ஓரத்தில் இடம் கிடைக்கும். காலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இருந்தால், அது விலகும்வரை குதிக்கத் தாமதமாகும். அதனால் விடியற்காலையில் ஓடிப்போய் நிற்பதில் பெரிய பயனில்லை.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு வடக்குக் கரையில் தேசியப் பூங்காவின் கேன்யன் ரிம் மையம் இருக்கிறது. அங்கே மரப்படிகளில் இறங்கினால் கீழ்த்தளத்திலிருந்து வளைவு முழுவதும் தெரியும். பாலத்தின் அழகைப் பார்க்க அதுதான் இடம், மனிதர்களைப் பார்க்கப் பாலம்தான் இடம். என் மனைவிக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது.

தொலைநோக்கி கட்டாயம். 8x42 எடுங்கள் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முகப்பு வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்). 10x50 வேண்டாம், எடையும் கூடுதல், பாலத்துக் காற்றில் கை நடுங்கினால் உருவமும் நடுங்கும். விழுகிற மனிதரைப் பின்தொடர அகலமான பார்வைப்பரப்புதான் உதவும், உருப்பெருக்கம் அல்ல. கேமரா வைத்திருப்பவர்கள் ஷட்டர் வேகத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெதுவாக வைக்காதீர்கள். கைப்பேசி மட்டும் இருந்தால் ஓரிரு காணொளி எடுத்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். திரை வழியாக அல்லாமல் நேரில் பார்க்க வேண்டிய காட்சி இது.

படி 4: எதைப் பார்ப்பது

தெரியாமல் பார்த்தால் பத்துப் பேருக்குப் பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். தெரிந்துகொண்டு பார்த்தால் ஆறு மணி நேரமும் போதாது.

குதிப்பவரின் வலக்கையைப் பாருங்கள். சுருட்டிப் பிடித்த கைக்குட்டைபோல ஒன்று இருக்கும். அது முன்குடை. விழும்போது அதைக் காற்றில் வீசினால் அது விரிந்து, முதுகில் இருக்கும் பெரிய குடையை வெளியே இழுக்கும். சிலர் அதைக் கையில் பிடிப்பதில்லை. பின்னால் நிற்கும் தோழர் பிடித்திருப்பார். குதித்த மறுகணமே குடை இழுபட்டுத் திறந்துவிடும். பெரும்பாலும் அவர்கள் புதியவர்கள். அனுபவசாலிகள் மூன்று நொடி, சிலர் அதற்கும் மேல் காத்திருப்பார்கள். மூன்று நொடியில் ஏறக்குறைய 140 அடி போய்விடும். விமானத்திலிருந்து குதிப்பவருக்கு மாற்றுக் குடை ஒன்று உண்டு. இங்கே ஒரே குடைதான், இரண்டாவதைத் திறக்க நேரமும் இல்லை.

மேடையில் நிற்பவர் எண்ணத் தொடங்கும்போது பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். பிறகு கால் பலகையை விட்டு எழும் சத்தம். அதன்பின் ஒன்றுமே இல்லை. துணியின் படபடப்புகூடக் காற்றில் கரைந்துபோகும். திடீரென்று கீழேயிருந்து, ஈரவேட்டியைக் கல்லில் ஓங்கி அடித்ததுபோல ஒரு அறை. குடை திறந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் மொத்தக் கூட்டமும் மூச்சு விடும். மூன்றாம் ஆண்டிலும் அந்த இடைவெளியில் என் மகள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

கீழே இறங்குமிடம் ஆற்றங்கரையில் பாறைகள் சூழ்ந்த சிறிய திட்டு. தவறினால் ஆறு. அதனால் மீட்புப் படகுகள் தயாராகக் காத்திருக்கும். தண்ணீரில் விழுந்தவரை நோக்கிப் படகு பாயும் வேகத்தைப் பாருங்கள்.

கயிற்றில் இறங்குகிறவர்களை மறந்துவிடாதீர்கள். பாலத்தின் அடியிலிருந்து பல நூறு அடிக் கயிறுகள் தொங்கும். தொடக்கத்தில் அவர்கள் நகரவே மாட்டார்கள். கீழே தொங்கும் கயிற்றின் எடையே இறங்கு கருவியை இறுக்கிவிடும், எனவே கயிற்றைத் தூக்கித் தூக்கிக் கருவிக்குள் ஊட்ட வேண்டும். கீழே போகப் போகத் தொங்கும் எடை குறைந்து வேகம் கூடும். அப்போது கருவியின் கம்பிகளைக் கூட்டி உராய்வை ஏற்ற வேண்டும். தொலைநோக்கியில் அவர்கள் கையைக் கவனித்தால் இது தெளிவாகத் தெரியும்.

படி 5: குழந்தைகளிடம் பேசிவிடுங்கள்

1980இல் நடந்த முதல் பிரிட்ஜ் டேயில் இருவர் விமானத்திலிருந்து பாலத்தின்மேல் வந்திறங்கி, இன்னும் மூவரைச் சேர்த்துக்கொண்டு ஐந்து பேராகக் கீழே குதித்தார்கள். அன்று தொடங்கியது இது. இடையில் மரணங்களும் நேர்ந்திருக்கின்றன. 2006இல் பிரையன் ஷூபர்ட் இங்கே குதித்தபோது குடை உரிய நேரத்தில் திறக்காமல் இறந்தார். 1966இல் மைக்கேல் பெல்கியோடு சேர்ந்து கலிஃபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து முதன்முதலில் குதித்தவர் அவர். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், இது வேடிக்கை மட்டும் அல்ல என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் ஒவ்வொருவருக்கும் நாம் கை தட்ட வேண்டும்" என்றாள். தட்டினோம்.

ஓரத் தடுப்பின் அருகே சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தோளில் தூக்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம்.

பிற்சேர்க்கை

இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் போன ஒருவர் எழுதியிருந்தார்: பாலம் மூடியிருந்ததால் கைப்பேசி வரைபடம் அவரை ஃபேயட் ஸ்டேஷன் சாலைக்குத் திருப்பிவிட்டிருக்கிறது. பாலம் வருமுன் மக்கள் பயன்படுத்திய பழைய சாலை அது. குறுகலானது, கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது, ஆற்றுவரை இறங்கி ஏறுவது. வேறு நாளில் நிதானமாக ஓட்டிப் பார்க்க இனிய சாலை. பிரிட்ஜ் டே அன்று அதை மாற்றுவழியாக நினைக்கவே வேண்டாம். நீங்கள் போக வேண்டிய வழியை வெள்ளிக்கிழமை இரவே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கூட்டத்தில் சிக்னல் கிடைப்பதும் சிரமம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், எந்தக் கரை என்பதைச் சேர்த்து.