விக்கிப்பீடியாவில் விளம்பரத் தொகுப்புகளைச் சீர்செய்தல்: புதியவர்களுக்கான செய்முறை

கொழும்பிலுள்ள தனியார் கல்வி நிறுவனம் ஒன்றைப் பற்றிய சிறு கட்டுரை என் கவனிப்புப் பட்டியலில் (மாற்றங்களைக் கண்காணிக்க நாம் குறித்துவைக்கும் பக்கங்களின் பட்டியலில்) இருந்தது. ஒரு நாள் காலையில், அன்றுதான் கணக்குத் தொடங்கிய பயனர் ஒருவர் அதில் ஐந்து பத்திகளைச் சேர்த்திருந்தார். "பெற்றோரின் முதல் தெரிவு", "ஒப்பற்ற நிபுனத்துவம்" என்று புகழுரை நீண்டது. இப்படி விளம்பர நோக்கில் செய்யப்படும் மாற்றமே விளம்பரத் தொகுப்பு. அதைச் சீர்செய்யும்போது கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, புதிய பதிப்பை முந்தையதோடு ஒப்பிடுங்கள். இதற்குத் தானியங்கிக் கருவிகள் உண்டு; ஆயினும் புதியவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. நான் அப்படியொரு கருவியால் ஒரே சொடுக்கில் முழுவதையும் மீளமைத்தபோது, அதாவது முந்தைய பதிப்புக்கே திருப்பியபோது, நிறுவனத்தின் சரியான புதிய முகவரியும் புகழுரையோடு சேர்ந்து போய்விட்டது.

அடுத்து, வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். "தலைசிறந்த" போன்ற அடைமொழிகளை உடனே நீக்கலாம். தொடங்கிய ஆண்டு, அமைவிடம் போன்ற சரிபார்க்கக்கூடிய தகவல்களுக்குச் சான்று இல்லையெனில், "சான்று தேவை" என்று குறித்து வையுங்கள்.

மூன்றாவது படியில்தான் நான் தடுமாறினேன். அந்தப் பத்திகளுக்கு இரண்டு நாளிதழ்ச் செய்திகள் சான்றாகத் தரப்பட்டிருந்தன. இரு வேறு பத்திரிகைகள் என்பதால் ஏற்றுக்கொள்ளவே இருந்தேன். பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோது, "நிபுணத்துவம்" என்ற சொல் இரண்டிலும் ஒரே வாக்கியத்தில் றன்னகரத்தோடு, "நிபுனத்துவம்" என்று அச்சாகியிருந்தது. நிறுவனம் அனுப்பிய ஊடக அறிக்கையை இரு பத்திரிகைகளும் எழுத்துப் பிழையோடு அப்படியே வெளியிட்டிருந்தன. ஆகவே அவை இரண்டு சான்றுகள் அல்ல, நிறுவனமே தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே சான்று. செய்தியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் இத்தகைய நகல்கள் பெரும்பாலும் அகப்படும். எழுதியவர் பெயர் இருக்கிறதா, பக்கத்தின் மூலையில் "விளம்பரம்" அல்லது "அனுசரணை" என்ற சிறிய எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். செய்தியின் திகதி விக்கிப்பீடியாவில் அந்த வாக்கியம் சேர்ந்த திகதிக்குப் பிந்தியதாயின், பத்திரிகையே நம்மிடமிருந்து எடுத்திருக்கக்கூடும். பழைய இலங்கை இதழ்களுக்கு நான் முதலில் நாடுவது, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேமித்துவைக்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகத்தை. மறைந்துபோன இணையப் பக்கங்களுக்கு, அவற்றின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளம்.

பிறகு அந்தப் பயனரின் உரையாடல் பக்கத்தில் மரியாதையோடு எழுதுங்கள். ஊதியம் பெற்றுத் தொகுப்பவர்கள் அதை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி, 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிமுறைகளில் உள்ளது. பலருக்கு இது தெரியாது. "தாங்கள் இந்நிறுவனத்தோடு தொடர்புடையவரா?" என்று கேட்பதே போதும். அவருடைய இயற்பெயரையோ தொழிலையோ தேடி வெளியிடுவது பெருந்தவறு.

பின்சேர்க்கை: நீக்கியதை மீண்டும் மீண்டும் சேர்த்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். நீங்களும் மாறி மாறி மீளமைக்காதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் 3 முறைக்கு மேல் மீளமைத்தால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தடை வரக்கூடும். கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதி, நிர்வாகிகளின் உதவியைக் கேளுங்கள். சார்பற்ற சான்று ஒன்றுகூட எஞ்சாவிட்டால், அந்தக் கட்டுரைக்குக் குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரை வைத்திருக்கும் தகுதி) உண்டா என்ற கேள்வியையும் அங்கேயே எழுப்பலாம். நான் குறிப்பிட்ட கட்டுரை இப்போது ஆறு வரிகளில், சரியான முகவரியோடு இருக்கிறது.