அட்டர்னி ஜெனரலுக்குப் புகார் எழுதுவது எப்படி

வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் 1,240 டாலர் கொடுத்து ஒரு சோபா வாங்கினோம். ஆறு வாரத்தில் வரும் என்றார்கள். ஐந்து மாதமாகியும் ஜமுக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். "அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுதேன்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் அட்வகேட் ஜெனரலைப் போல அரசுக்காக வாதாடும் பெரியவருக்கு என் சோபாவைப் பற்றி என்ன கவலை?

இங்கே அந்தப் பதவி வேறு ரகம். நம் ஊரில் ஆளுநர் நியமிப்பார். அமெரிக்காவில் 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமலா ஹாரிஸ் 2011 முதல் 2017 வரை கலிபோர்னியாவில் வகித்தது இந்தப் பதவிதான். வாஷிங்டனில் 1889இல் மாநிலம் உருவானபோதே அரசியல் சாசனத்தில் இதற்கு இடம் இருந்தது. அரசுத் துறைகளுக்கு வக்கீலாக இருப்பது ஆதி வேலை. 1961இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், ஏமாற்றும் வியாபாரிகள் மீது வழக்குப் போடும் அதிகாரமும் சேர்ந்தது. 1998இல் பெரிய சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் சுமார் 206 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டனவே, அந்தப் பேச்சுவார்த்தையில் முன்னால் நின்றவர் அன்றைய வாஷிங்டன் அட்டர்னி ஜெனரல் கிறிஸ்டின் கிரெகோயர். பிறகு ஆளுநராகவும் ஆனார்.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள்: அவர் மாநிலத்தின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்லர். எனக்கு இது புரியாததால்தான் முதலில் மூன்று பக்கம் எழுதினேன். அதில் பாதி, கடைக்காரர் என் கணவரிடம் பேசிய தொனியைப் பற்றியது.

எழுதுமுன் கதவு சரிதானா என்று பாருங்கள். காப்பீட்டுச் சண்டைக்குக் காப்பீட்டு ஆணையர் அலுவலகம் தனியாக இருக்கிறது. சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை. திருட்டு, அடிதடி என்றால் போலீஸ். புதிய கார் திரும்பத் திரும்பப் பழுதாகிறதென்றால் மட்டும் இதே அலுவலகத்தில் தனி நடுவர் ஏற்பாடு உண்டு. கார் முதன்முதலில் கைக்கு வந்த நாளிலிருந்து 30 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும்.

படிவம் இணையத்திலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. நடந்ததை விவரிக்கும் கட்டத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டு நான் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்: "மார்ச் 4: முழுப் பணமும் கட்டினேன், ரசீது இணைப்பு 1. ஏப்ரல் 15: ரசீதில் உள்ள டெலிவரி தேதி, பொருள் வரவில்லை. மே 2, ஜூன் 11, ஜூலை 20: விசாரித்தேன், மின்னஞ்சல்கள் இணைப்பு 2. வேண்டுவது: 1,240 டாலர் முழுவதும் திரும்ப." தேதி, தொகை, சான்று, ஒரே ஒரு கோரிக்கை. "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் அதிகாரி என்ன செய்வார், பாவம்?

ஒரு எச்சரிக்கை. புகார் பொது ஆவணமாகிவிடும், கேட்பவர்களுக்குக் காட்டப்படலாம். கார்டு எண்ணையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் நகல்களில் கறுப்பு மையால் அடித்துவிட்டு இணையுங்கள். மூலப் பிரதிகள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அலுவலகம் புகாரைக் கடைக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கடைக்கு இல்லை. என் விஷயத்தில் பதில் வந்தது: 15 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்களாம். ரசீதில் அப்படி ஒரு வரியே இல்லை என்பதைச் சுட்டி இரண்டே வரியில் மறுத்தேன். மூன்று வாரத்தில் முழுத் தொகைக்கும் காசோலை வந்தது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. உங்கள் புகாரில் பணம் திரும்பாமல் போனாலும், அதே கடையைப் பற்றி இன்னும் பல புகார்கள் சேர்ந்தால் அலுவலகம் விசாரணையில் இறங்கக்கூடும்.

கடை அசையவே இல்லையென்றால் மாவட்ட நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவுக்குப் போங்கள். தனிநபர் 10,000 டாலர் வரை கேட்கலாம். நீதிபதி அனுமதித்தாலொழிய அங்கே எந்தப் பக்கத்துக்கும் வக்கீல் வரக் கூடாது. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குக் கடை அனுப்பிய பதிலையும் அச்சிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் அவர்களே ஒப்புக்கொண்ட வரிகளின் அடியில் கோடு போட்டு வையுங்கள்.