மெண்டரின் மீன் வாங்கறதுக்கு முன்னாடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் சுங்கை சிப்புட்ல ஒரு தம்பி வீட்டுக்குப் போனேன், லயத்துல இருந்து தாமானுக்கு மாறின குடும்பம், ஹால்ல புது உப்புத்தண்ணி டேங்க், உள்ள ஒரு மெண்டரின். "அண்ணே, அழகா இருக்குல்ல?"ன்னான். டேங்க் போட்டு எத்தன நாளுன்னு கேட்டேன். மூணு வாரமாம். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

புது டேங்க்ல விடறது

இந்தத் தப்பப் பாத்தா இன்னைக்கும் எனக்குக் கோவம் வரும். இந்த மீன் நாள் முழுக்க கல்லக் கொத்திக்கிட்டே திரியும், அது தேடறது கோபிபோட்னு கண்ணுக்கு லேசாத் தெரியற பூச்சி, புது டேங்க்ல அது பெருகியிருக்காது. பத்து வருசத்துக்கு முன்னாடி நான் 80 வெள்ளி குடுத்து ஒண்ணு வாங்கினேன், கடையில உறைஞ்ச இறால் குஞ்சு சாப்பிடும்னாங்க, வீட்ல அது மூஞ்சிக்கு நேரா மிதந்து போச்சு, திரும்பிக்கூடப் பாக்கல. கலர் மட்டும் மங்கவே இல்ல, அதான் ஏமாந்துட்டேன். ஒருநாள் மேல இருந்து பாத்தா தலை அகலமா இருக்கு, அதுக்குப் பின்னாடி உடம்பு கத்தி மாதிரி, விலா ரெண்டும் உள்ள போயிருச்சு. அஞ்சாவது வாரம் செத்துப்போச்சு. முந்தின நாள் வரைக்கும் வெறுங்கல்லக் கொத்திக்கிட்டே இருந்துச்சு.

ஆறு மாசமாவது டேங்க் ஓடட்டும், லைவ் ராக், அதாவது சின்னச் சின்ன உயிருங்க ஒட்டி வாழற கடல் கல்லு, நிறைய போடுங்க, ராத்திரி டார்ச் அடிச்சா கண்ணாடியில அந்தப் பூச்சிங்க வெள்ளப் புள்ளி புள்ளியா ஓடணும். கடையில மீனோட வயித்தப் பாருங்க, உங்க கண்ணு முன்னாடி தீனி போடச் சொல்லுங்க.

ரெண்டு ஆண்

வேணாம். முதுகுல முதல் முள் நீளமா நின்னா ஆண்.

வலை போட்டுப் பிடிக்கறது

கன்னத்துல முள்ளு இருக்கு, மாட்டிக்கும். உடம்புல செதிலே கிடையாது, கெட்டியா ஒரு சளிதான், நாத்தமும் கசப்பும் அதோட காவலு. கப்புல அள்ளுங்க.

அழகுக்கு மட்டும் வாங்கறது

1927ல ஹெர்ரேங்கறவர் பிலிப்பைன்ஸ் மீன வெச்சு இதுக்கு அறிவியல் பேரு குடுத்தாரு. முக்கால்வாசி உயிருங்களோட நீலம் வெளிச்சம் சிதறி வர்றது, இதோட நீலம் நெசமாவே தோல்ல இருக்கற சாயம். நம்ம சபா மாபுல் தீவுல பொழுது சாயறப்போ பவளத்துக்குள்ள இருந்து ஜோடியா வெளிய வந்து, ஒட்டிக்கிட்டே ஒரு மீட்டர் வரைக்கும் மேல எழும்பி முட்ட விடும், அடுத்த நிமிசம் மறைஞ்சிரும். விரல் நீளந்தான்.

தம்பியோட மீன் இப்ப என் பழைய டேங்க்ல இருக்கு. காலையில மேல இருந்து பாத்தேன், விலா இன்னும் குழியாத்தான் இருக்கு, ஆனா கொத்தறப்போ வாயில ஏதோ சிக்குது.