எச்ஐவி உள்ள தாயும் பிறந்த குழந்தையும்: பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியவை

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். தலைப்பிரசவத்துக்கு எல்லை தாண்டிப் போவாள். அவளுக்கு எச்ஐவி இருந்தால், கூட நிற்கிற அக்காவுக்கும் அத்தைக்கும் இந்தக் குறிப்பு.

1. கிளம்பும் முன்: எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. அதைத் தரும் மையத்துக்குக் கேரளத்தில் உஷஸ் என்று பெயர். எத்தனை மாதம் தங்குவாள் என்று அங்கே சொல்லி, மாத்திரையையும் சிகிச்சைப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றலாம். மாத்திரை ஒழுங்காகப் போனால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான்.

2. நெவிரபின் சிரப்: குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் மருந்து இது. பிறந்ததும் தொடங்கி, தினம் ஒரு வேளை, 6 வாரம். தாய் தாமதமாக மாத்திரை தொடங்கியிருந்தால் டாக்டர் 12 வாரமாக்குவார், இன்னொரு மருந்தும் சேர்க்கலாம். பிறந்த எடை 2.5 கிலோவுக்கு மேல் என்றால் வழக்கமாக 1.5 மில்லி. ஆனாலும் டாக்டர் எழுதித் தந்ததே அளவு.

பாட்டிலை மெல்லக் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுங்கள். குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். குழந்தையின் தலை கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி மடியில் வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தொண்டைக்கு நேராகப் பீய்ச்சினால் புரையேறும். துப்பிவிட்டால் நீங்களாக மறுபடி கொடுக்காமல் நர்சைக் கேளுங்கள்.

3. சேனை வேண்டாம்: எனக்கு மிகவும் பயம் இதில்தான். பெரியவர் யாராவது ஆசையாகச் சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்கில் தொட்டு வைப்பார். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. டாக்டர் தந்த மருந்து தவிர வேறு எது போனாலும் பிஞ்சுக் குடல் புண்ணாகலாம், அந்த வழியாகக் கிருமி நுழையும். பவுடர்பால் என்று முடிவானால் அது மட்டும். இரண்டையும் கலக்கவே கூடாது. பாட்டியிடம் எப்படிச் சொல்வது? “எல்லாக் குழந்தைக்கும் இப்ப தாய்ப்பால் மட்டும்தான் அம்மாச்சி, டாக்டர் சொல்லிட்டாங்க.” இது உண்மையும்கூட. ரகசியமும் வெளியே போகாது.

4. பரிசோதனை: குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க, 6-வது வாரம் அதன் குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். மற்ற தொற்றுகளைத் தடுக்கும் கோட்ரைமோக்சசோல் மருந்தும் அப்போது தொடங்கும். அப்புறம் 6, 12-வது மாதங்களில் மறுபடி பரிசோதனை. 18-வது மாதம்தான் உறுதியான முடிவு. அந்தத் தேதிகளில் எல்லைக்கு எந்தப் பக்கம் இருப்பீர்கள் என்று இப்போதே பேசிவையுங்கள்.

குளிப்பாட்டலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம். அவள் சம்மதமில்லாமல் யாரிடமும் சொல்லக்கூடாது. 2017-ம் ஆண்டு எச்ஐவி சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சந்தேகம் வந்தால் எச்ஐவி உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.