எஸ்டீமில் ஏழு கிலோ: லேசான பேட்டரி மாட்டும் முறை

என் மாருதி எஸ்டீம் காரின் ஈயப் பேட்டரியைக் கழற்றித் தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தேன். 9 கிலோ 800 கிராம். அதன் இடத்துக்கு வந்த லித்தியம் பேட்டரி 2 கிலோ 900. ஏறத்தாழ ஏழு கிலோ மிச்சம். அது என்ன பெரிய எடை என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அது இருக்கும் இடத்தை. முன்சக்கரங்கள் இழுக்கும் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏற்கெனவே மூக்கில் கிடக்கின்றன. பேட்டரியும் அங்கேயே, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வளைவுக்கு வளைவு அந்த எடையையும் சேர்த்துத்தான் முன்டயர்கள் திருப்புகின்றன.

ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட் எல்லாம் காரிலேயே இருந்தால் பேட்டரிக்குப் பணம் போடாதீர்கள். அவற்றை இறக்கிவைக்கக் காசு தேவையில்லை. பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் இன்னும் நல்லதுதானே என்றும் பலர் கேட்கிறார்கள். ஈயப் பேட்டரிக்கு அது சரி. லேசான பேட்டரிக்காக ஐந்து மீட்டர் தடித்த செம்புக் கேபிள் இழுத்தால், குறைத்த எடையில் ஒரு கிலோவுக்கு மேல் திரும்ப வந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, இப்போதுள்ள பேட்டரியின் இரண்டு டெர்மினல்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் மேற்கொண்டு போகலாம். 14.6-ஐத் தாண்டினால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை முதலில் சரிசெய்யுங்கள். கார்களுக்கு வரும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. உள்ளே நான்கு செல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தாங்கும் உச்சம் 3.65 வோல்ட். அதற்கு மேல் போனால் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று பேட்டரியைத் துண்டித்துவிடும். ஓடும் எஞ்சினில் அப்படித் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் சட்டென்று எகிறி மற்ற மின்னணுப் பாகங்களைப் பதம் பார்க்கும். சிக்னலில் தானாக அணைந்து தானாக ஓடும் கார்கள், மைனஸ் டெர்மினலில் பேட்டரியைக் கண்காணிக்கும் சென்சார் உள்ள கார்கள் ஆகியவற்றில் இந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

வாங்கும்போது ஏமாற வேண்டாம். 'ஈயத்தில் 35 ஏ.எச்.-க்குச் சமம்' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். ஏ.எச். என்பது ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு. ஆனால் பெட்டியில் இருப்பது செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் திறனைச் சொல்லும் கணக்கு. உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்காக மட்டுமே இருக்கலாம். என் கார் நிற்கும்போதே கடிகாரமும் அலாரமும் 40 மில்லி ஆம்பியர் குடிக்கின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஏ.எச். 12 ஏ.எச். பேட்டரி பன்னிரண்டு நாளில் காலி. அதனால் உண்மையான கொள்ளளவு 20 ஏ.எச். உள்ளதாகக் கேட்டு வாங்கினேன்.

மாட்டுவது அரை மணி வேலை. 10-ஆம் எண் ஸ்பேனரால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மைனஸ் இணைந்திருக்கும்போது பிளஸில் உள்ள ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட் சர்க்யூட். டெர்மினல் அளவு பொருந்தாவிட்டால் பித்தளை அடாப்டர் கிடைக்கும். தகரத்தை மடித்துச் செருகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பேட்டரியை அசையாமல் பிடிப்பது. புதியது சிறியது, பழைய தட்டில் பாதி இடம் காலியாக இருக்கும். முதல் முறை அந்த இடைவெளியில் ஸ்பாஞ்சைத் திணித்து, பழைய கிளாம்பையே இறுக்கினேன். டிராக்கில் நான்காவது சுற்றில் எஞ்சின் ஒரு கணம் செத்து மீண்டும் பிடித்தது. டிராக் ஓரத்தில் காரை நிறுத்தும் பிட்டுக்கு வந்து பானெட்டைத் தூக்கினேன். ஸ்பாஞ்ச் நசுங்கிப் பேட்டரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பானெட்டின் அடியில், பிளஸ் டெர்மினலுக்கு நேர் மேலே, மிளகளவுக்கு ஒரு கருகிய புள்ளி. சுற்றிலும் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. விரலால் தொட்டேன், இன்னும் சூடாக இருந்தது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஈயத்தைப் போலத் தயங்காது. இருப்பதையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். என் காரை அன்று காப்பாற்றியது ஒரு கணத்தோடு விலகிய அந்தத் தொடுகைதான்.

இப்போது தட்டிலேயே அலுமினிய எல் ஆங்கிள் பட்டைகளை நான்கு பக்கமும் போல்ட் போட்டு அடைத்திருக்கிறேன். அடியில் ரப்பர் ஷீட், மேலே குறுக்குப் பட்டை, பிளஸுக்கு ரப்பர் மூடி. சோதிக்கும் வழி எளிது: பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டுங்கள், கார் ஆட வேண்டும், பேட்டரி ஆடக்கூடாது. எஞ்சின் புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டின் சூடு படும் பக்கத்தில் ஒரு தகடும் வையுங்கள். 60 டிகிரிக்கு மேல் இந்த செல்களின் ஆயுள் வேகமாகக் குறையும்.

பழைய சார்ஜரை இதற்குப் பயன்படுத்தும் முன் அதில் ஈயத் தகட்டைச் சுத்தம் செய்யும் முறை உண்டா என்று பாருங்கள். உயர் மின்னழுத்தத் துடிப்புகளை அனுப்பும் அந்த முறை லித்தியத்தைக் கெடுத்துவிடும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்வதும் ஆகாது. ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டிக்கு நான் ஈயப் பேட்டரியோடுதான் போகிறேன்.

அந்தப் பழைய பேட்டரியைக் கடைக்காரர் கழிவு விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. டிராக்கிலிருந்து திரும்பிய இரவே லித்தியத்தையும் ஆங்கிள் பட்டைகளையும் கழற்றி, லித்தியத்தைப் பாதிக்கு மேல் சார்ஜோடு அலமாரியில் வைத்துவிட்டு ஈயப் பேட்டரியை மாட்டிவிடுகிறேன். திங்கள் காலை அலுவலகத்துக்குப் போக அதுதான்.