மஸ்டர் ரோலை வைத்து ஆள்சேர்ப்பை ஆராய்வது எப்படி?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குத் தரப்பு ரெஜிமென்ட் ஒன்றுக்கு உள்ளூரில் எப்படி ஆள் கிடைத்தது என்று அறிய, அதன் மஸ்டர் ரோலில், அதாவது படைவீரர் பெயர்ப் பட்டியலில், தொடங்குங்கள். மூலப் பட்டியல்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பல மாநிலங்கள் அச்சிட்டும் வெளியிட்டிருக்கின்றன.

முதலில் கம்பெனி வாரியாகப் பிரியுங்கள். காலாட்படை ரெஜிமென்ட்டுக்குப் பத்து கம்பெனி, ஏ முதல் கே வரை; ஜே கிடையாது. கம்பெனிக்கு 83 முதல் 101 பேர், பெரும்பாலும் ஒரே வட்டாரத்தார். ஆள் திரட்டியவரே பல இடங்களில் கேப்டன் ஆனதால், அவர் ஊரிலிருந்து தேடினால் மற்றவர்களும் கிடைப்பார்கள்.

அடுத்தது தேதி. பெயர் கொடுத்த நாள் வேறு, படையில் முறைப்படி ஏற்கப்பட்ட நாள் வேறு, முந்தையதையே எடுங்கள். மாத வாரியாக எண்ணி அன்றைய அறிவிப்புகளுடன் பொருத்துங்கள். 1861 ஏப்ரலில் லிங்கன் கேட்டது 75,000 பேர், மூன்றே மாதத்துக்கு. ஆட்கள் குவிந்தார்கள். 1862 ஏப்ரலில் ஆள்சேர்ப்பு அலுவலகங்களையே மூடினார்கள். ஜூலையில் மூன்றாண்டுப் பணிக்கு 3,00,000 பேர் வேண்டும் என்றபோது அறுவடைக் காலம். சாவுச் செய்திகளும் ஊர்களுக்கு வந்துவிட்டன. எனவே 100 டாலர் ஊக்கத்தொகையில் 25 டாலரை முன்பணமாகத் தந்தார்கள். சிப்பாயின் மாதச் சம்பளமே 13 டாலர்தான்.

1863 மார்ச் கட்டாயச் சேர்ப்புச் சட்டத்துக்குப் பின் சேர்ந்தவர்களின் சேர்க்கைத் தாளில் ‘எந்த ஊர்க் கணக்கு’ என்ற குறிப்பைக் கட்டாயம் பாருங்கள். தன்னார்வலர் கிடைத்த அளவுக்கு ஊரின் கட்டாயச் சேர்ப்புப் பங்கு குறையும். ஆகவே பணக்கார ஊர்கள் தொகையை ஏற்றி வெளியூர் ஆட்களை இழுத்தன. வசிப்பிடமும் கணக்கு ஊரும் வேறானால் ஆள் பணத்துக்கு நகர்ந்திருக்கலாம். தொகையை வாங்கிக்கொண்டு ஓடி, வேறு பெயரில் மறுபடி சேர்ந்தவர்களும் உண்டு. பெயரைக் கொண்டு மட்டும் ஆளை எண்ணாதீர்கள்.

பழைய ரெஜிமென்ட்டில் புது ஆட்கள் குறைவா? உற்சாகம் வற்றிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். புது ரெஜிமென்ட் தொடங்கினால் ஆளுநர்கள் புது அதிகாரிப் பதவிகளைப் பங்கிடலாம். பழையதை நிரப்பினால் அவ்வளவு வாய்ப்பில்லை. பழையவற்றையே நிரப்பிவந்த விஸ்கான்சின் இதில் விதிவிலக்கு.

வயதுப் பத்தியில் 18 அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால் சிறுவர்கள் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடுங்கள். ‘ஓடிப்போனார்’ என்ற குறிப்பையும் அப்படியே நம்பக்கூடாது. மருத்துவமனையில் கிடந்தவர்மீதும் அது விழுந்திருக்கிறது. ஓய்வூதியக் கோப்பு இருந்தால் அதையும் பார்த்துவிட்டு எண்ணுங்கள்.